அந்தத் தொண்ணூற்றேழு யாருடையது?

போன மாதம் புதிதாக வந்த தாதிமார் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, கிளினிக் சுவரில் பூட்டியிருக்கிற பெரிய திரையைக் காட்டினீர்கள். எந்த வீட்டில் யாருக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக வரிசையாகத் தெரிந்தது. வடிவாகத்தான் இருந்தது. "மிஸி, உங்கட காலத்தில இதெல்லாம் இல்லைத்தானே?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். இருந்தது பிள்ளை. திரைதான் சின்னது. அதற்குள் தேத்தண்ணியும் றோல்ஸும் வந்துவிட்டதால் கதை அங்கேயே நின்றுபோனது. நானும் ஓய்வுபெற்ற தாதி, வீட்டில் இருந்துகொண்டு என்ன செய்கிறேன்? அதுதான் எழுதுகிறேன்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மன்னார்த் தீவிலும் பெருநிலப் பக்கத்திலும் சனம் திரும்பி வந்து குடியேறிக்கொண்டிருந்தது. சிலர் புத்தளத்திலிருந்து வந்தார்கள். சிலர் வன்னிக்குள் அலைந்து முடித்து வந்தார்கள். சிலர் இருபது வருடம் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்துவிட்டு, அங்கே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் பலர் நெஞ்சைப் பழுதாக்கிக்கொண்டும் வந்திருந்தார்கள். ஒருவருக்குக் கல்குவாரித் தூசு, ஒருவருக்குப் பீடி, நெல் அவித்த பெண்களுக்கு விறகுப் புகை. காரணம் எதுவானாலும் வந்த வருத்தம் ஒன்றுதான், நெஞ்சு நோய். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே போகும், கெட்டது திரும்பி வராது. நாங்கள் செய்யக்கூடியதெல்லாம், அது திடீரென்று மோசமாகிற நாளை முன்கூட்டியே பிடித்து ஆளைக் காப்பாற்றுவதுதான்.

அதற்காகத்தான் ஒரு உதவித் திட்டக்காரர் எங்கள் கிளினிக்குக்குக் கைப்பட்டிகள் கொண்டுவந்து தந்தார்கள். மணிக்கூடுபோலக் கையில் கட்டினால், இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு, நாடி எவ்வளவு, ஆள் எவ்வளவு நடந்தார் என்பதெல்லாம் வீட்டிலிருக்கிற போன் வழியாக எங்கள் கையிலுள்ள டப் என்கிற சின்னத் திரைக்கு வந்துவிடும். ஒட்சிசன் தொண்ணூற்றைந்துக்கு மேலே நின்றால் உங்களையும் என்னையும் போன்ற ஆள். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும். எண்பதை நெருங்கினால் வாகனம் அனுப்ப வேண்டும். சனம் அதை மணிக்கூடு என்றே சொன்னது. எனக்கும் அந்தப் பெயரே வாயில் வந்தது.

நான் மெசினுக்கு எதிரான ஆள் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். உயிலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வருகிற மூச்சுக்காரர் கிளினிக் வாசலில் இறங்கும்போது பாதி ஆளாகத்தான் இறங்குவார். மணிக்கூடு கட்டியவர்கள் மாதாமாதம் வரத் தேவையில்லை என்று நாங்கள் சொன்னபோது என்னைவிடச் சந்தோசப்பட்டவர் யாருமில்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. அவர்களை நாங்கள் கண்ணால் காண்பதும் நின்றுபோனது.

டப்பைப் பார்க்கும் வேலை தர்சினியுடையது. படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த பிள்ளை, கெட்டிக்காரி, கண்ணிலே தூசு விழுந்தாலும் திரையை விட்டு எடுக்க மாட்டாள். யாராவது மணிக்கூட்டைக் கழற்றினால் அவளுடைய திரையில் அவருடைய கோட்டில் இடைவெளி விழும். அவளுக்கு இடைவெளி பிடிக்காது. எருக்கலம்பிட்டி ஹாஜியார் ஒருவரின் கோடு ஒரு நாளைக்கு ஐந்து தரம் அறுந்து அறுந்து வந்தது. மணிக்கூடு பழுது என்று சொல்லித் திருப்பி அனுப்பப் போனாள். "அவர் தொழுகைக்கு முன்னம் வுளு எடுக்கிறார் பிள்ளை. கை கழுவுறதெண்டால் கழட்டத்தானே வேணும்?" என்று நான் சொன்ன பிறகுதான் விட்டாள். நாங்கள் ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இதேபோல்தான் தோட்டவெளிக் கிராமத்திலிருந்த சூசை அண்ணையின் கோடும் அறுந்தது. அவர் முகாமிலிருந்தபோது வருடக்கணக்காகக் கல்லுடைத்தவர். இங்கே திரும்பி வந்து, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குக் கூரை போட்டு முடித்த கையோடு படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரி விடுதியில் வைத்துத் தேற்றி, வீட்டுக்கு அனுப்பும்போது காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தருகிற மெசின் ஒன்றையும் கொடுத்துவிட்டோம். அப்படி வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய மெசின்கள் எங்களிடம் மிகக் கொஞ்சம். மணிக்கூடும் கட்டிவிட்டோம். வெக்கைக்கு அது கையைக் கடித்ததோ என்னவோ, அவர் அடிக்கடி கழற்றினார். தர்சினி போன் எடுத்தாள். இரண்டு மூன்று தரம் எடுத்திருப்பாள். கடைசித் தரம், "ஐயா, தொடர்ந்து கட்டாட்டி உங்கட பேரைப் பட்டியலில இருந்து வெட்டவேண்டி வரும்" என்று சொன்னாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். எனக்கும் அது ஒரு சாதாரணப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு சூசை அண்ணையின் கோடு அறுபடவே இல்லை. அதுமட்டுமில்லை, ஏறத் தொடங்கியது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. நடை கூடியது. விடியற்காலையில் கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு ஆள் எழும்பிப் பூசைக்குப் போய் வருகிறார் என்று அடிக்கணக்கு சொன்னது. தர்சினிக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கள் டொக்டர் இளம் ஆள், நல்ல மனுசன், அவருக்கும் பெருமைதான். திட்டக்காரர் கூட்டத்தில் சூசை அண்ணையின் கோட்டைப் பெரிதாக்கிப் போட்டுக் காட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அந்த நெஞ்சின் எக்ஸ்-றேயை நான் பார்த்தவள். இருந்தாலும் பூசைக்குப் போகிற மனுசனைப் போகாதே என்று சொல்ல நான் யார்?

அந்த நேரத்தில் உயிலங்குளத்து அம்மா ஒருவர் விடுதிக்கு வந்து சேர்ந்தார். நெல் அவித்து அவித்து நெஞ்சு போனவர். விடுதியில் ஒட்சிசன் கொடுத்தால் தெளிவார், கழற்றினால் நீலம் பாரிப்பார். வீட்டுக்குப் போக வேண்டும், அறுவடை கிடக்கிறது என்று ஒரே நிலையாக நின்றார். மெசின் இல்லாமல் அனுப்ப ஏலாது. கையில் மெசின் இல்லை. டொக்டர் டப்பைப் பார்த்தார். தொண்ணூற்றேழு ஒட்சிசனோடு பூசைக்கு நடந்து போகிற ஒருவரின் வீட்டில் ஒரு மெசின் சும்மா இருக்கிறது. நீங்களாக இருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்பீர்கள்.

"மிஸி, வாகனம் அந்தப் பக்கம் போகுது. சூசை ஐயாவை ஒருக்கால் பார்த்திட்டு, மெசினைக் கழட்டி ஏத்திக்கொண்டு வாங்கோ. இந்த அம்மாவை இண்டைக்கே வீட்டை அனுப்பிடலாம்" என்றார்.

எங்களிடம் இருந்த இரண்டு டப்பில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் சூசை அண்ணையின் மனைவி லூர்தம்மா அக்கா நின்றார். "வாங்கோ மிஸி, வாங்கோ. அவர் நல்லா இருக்கிறார், ஒரு குறையுமில்லை" என்று நான் கேட்குமுன்பே சொன்னார். உள்ளே போனேன். மெசின் மூலையில் இருந்தது. ரீவீக்குப் போடுவதுபோல அதற்கும் பின்னல் துணி போட்டு, மேலே மாதா சொரூபம் வைத்திருந்தார்கள். ஆனால் மெசினின் பக்கவாட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. வாகனச் சத்தம் கேட்டு இப்போதுதான் நிறுத்தியிருக்கிறார்கள்.

சூசை அண்ணை கதிரையில் இருந்தார். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சேட்டு போட்டு, பொத்தான் எல்லாம் பூட்டி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி நிமிர்ந்து இருந்தார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க இருப்பவர்போல இருந்தார்.

"எப்படி அண்ணை?"

"நல்லா... இருக்கிறன்... மிஸி."

"பூசைக்கெல்லாம் போறியளாம்."

அவர் லூர்தம்மா அக்காவைப் பார்த்தார். "போறார், போறார்" என்று அக்கா சொன்னார். "இருங்கோ மிஸி, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று குசினிக்குப் போனார்.

நான் டப்பைத் திறந்து சூசை அண்ணையின் பக்கத்தைப் பார்த்தேன். ஒட்சிசன் தொண்ணூற்றேழு. எனக்கு முன்னாலே கதிரையில் அசையாமல் இருக்கிற மனுசனின் அடிக்கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். நின்றது. அக்கா தேத்தண்ணியோடு வரும்போது மறுபடி ஏறியது.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் நிச்சயப்படுத்த வேண்டுமே. "அக்கா, சீனி கொஞ்சம் காணாது" என்றேன். போனார், கணக்கு ஏறியது. வந்தார், ஏறியது. "குடிக்கத் தண்ணியும் கொஞ்சம்" என்றேன். சூசை அண்ணை இருந்த இடத்திலிருந்தே குசினிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். வேறு நேரமென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"லூர்தம்மா அக்கா, கையை ஒருக்கால் காட்டுங்கோ."

சேலைத் தலைப்பால் மூடியிருந்த கையை அவர் தயங்கித் தயங்கி நீட்டினார். மணிக்கூடு அங்கே இருந்தது. பூசைக்குப் போனதும் அந்தக் கைதான்.

ஏமாற்றிவிட்டார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அக்காவின் முகத்தில் கள்ளம் பிடிபட்டவரின் வெட்கம் இல்லை. பயம்தான் இருந்தது.

"மிஸி, முகாமில செக்கிங் வரும். ஆள் நிக்கவேணும், ஒரு குறையும் சொல்லக்கூடாது. நிக்காட்டிப் பதிவை வெட்டிப்போடுவினம். வெட்டினால் பிறகு அரிசியும் இல்லை, ஒண்டுமில்லை, திரும்ப எழுதுவிக்க நாய்ப்பாடு படவேணும். இவர் குவாரிக்குப் போயிருந்தால் நான் போய் நிண்டு ஆள் இருக்கிறார், இருக்கிறார் எண்டு சொல்லுவன். பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் அப்பிடிச் சொல்லியிருக்கிறன். இஞ்சயும் அந்தப் பிள்ளை வெட்டுவம் எண்டு சொன்னா. இவருக்கு அது கையைக் கடிக்குது, கட்டி வச்சிருக்க ஏலாது. ஆள் இருக்கிறார் எண்டு காட்டினால் காணும்தானே? அதுதான் நான் கட்டினன்."

மணிக்கூடு மூச்சைப் பார்க்கிறது என்று நாங்கள் சொல்லித்தான் கொடுத்தோம். அது அவர்கள் காதில் ஏறவில்லை. இருபது வருடம் கந்தோர்க்காரர், அதிகாரி என்று யார் வந்தாலும் எண்ணத்தான் வந்தார்கள். நாங்களும் எண்ணத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்ததில் என்ன பிழை?

சூசை அண்ணையின் விரலில் நான் கொண்டுபோன சின்ன மீட்டரைக் கொழுவினேன். எண்பத்திரண்டு. மெசினைப் போட்டு மூக்கில் குழாயை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"மெசினை... எடுக்கத்தானே... வந்தனீங்கள்? கொண்டுபோங்கோ... மிஸி. பேரை... வெட்டாமல் விட்டால்... காணும்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யார்மேல் கோபம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மூச்சைத் தருகிற மெசினைக் கொடுத்துவிட்டுப் பட்டியலில் பெயரை வைத்திருக்க ஒரு மனுசன் தயாராக இருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து டொக்டரின் போன் வந்தது.

"மிஸி, ஏத்தியாச்சா? இஞ்ச அம்மாவின்ர மகள் ஓட்டோவோட வந்து நிக்கிறா."

"மெசின் இஞ்சதான் நிக்கவேணும் டொக்டர்."

"மிஸி, என்ர கையில டப் இருக்கு. தொண்ணூற்றேழு எண்டு காட்டுது."

"அந்தத் தொண்ணூற்றேழு அவற்ற மனுசியின்ர, டொக்டர்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த நேரமும் இல்லை, அங்கே ஓட்டோ நிற்கிறது. மருந்துகூடச் சரியாக வராத சண்டைக்காலத்தில் விடுதியில் வேலை செய்தவள் நான். மீட்டர் இல்லாத அந்த நாட்களில் நோயாளியைக் கதைக்க வைத்துத்தான் மூச்சை அளந்தோம். ஒரே மூச்சில் ஒரு முழு வசனம் சொல்கிறாரா, பாதியில் நிற்கிறாரா, சொல்லுக்குச் சொல் நிற்கிறாரா என்று கேட்போம். போனைச் சூசை அண்ணையின் வாயருகே பிடித்தேன்.

"அண்ணை, டொக்டருக்கு உங்கட பேரையும் ஊரையும் சொல்லுங்கோ."

அவர் சொல்லத் தொடங்கினார். பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் இரண்டு தரம் மூச்செடுத்தார். தோட்டவெளி என்ற ஒரு சொல்லை இரண்டாக உடைத்துச் சொன்னார். அதற்கு மேல் முகாமின் பெயரையும் சொல்லப் போனார், கேட்டால் எல்லாம் சொல்லிப் பழகியவர். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

டொக்டர், "மெசினை விட்டிட்டு வாங்கோ மிஸி" என்றார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உயிலங்குளத்து அம்மாவைவிடச் சூசை அண்ணை முக்கியமானவர் என்று நான் முடிவெடுக்கவில்லை. அந்த அம்மா விடுதியில் இருந்தார். அங்கே ஒட்சிசன் இருந்தது. அவர் இழந்தது வீட்டையும் அறுவடையையும். சூசை அண்ணைக்கு அந்த மெசினைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டு பேரின் எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், எண்ணை விட்டுவிட்டு, மெசினை எடுத்தால் யாருக்கு என்ன மிஞ்சும் என்பதைப் பாருங்கள். ஆனால் அந்த அம்மா என்னை மன்னிக்கவில்லை. வேறு மாவட்டத்திலிருந்து மெசின் வரும்வரை விடுதியில் கிடந்தார், அறுவடை அவர் இல்லாமலே முடிந்தது. "என்ர மெசினை ஆருக்கோ குடுத்திட்டியளாம்" என்று நான் ஊசி போடப் போகும்போதெல்லாம் சொன்னார். அவருடைய கோபம் நியாயமானது. சரியாக முடிவெடுத்தால் எல்லோரும் நன்றி சொல்வார்கள் என்று நினைத்து இந்த வேலைக்கு வராதீர்கள்.

தர்சினிக்கு விசயத்தைச் சொன்னபோது அழுதாள். "நான் வெருட்டுறதுக்குச் சொல்லேல்ல மிஸி" என்றாள். அது எனக்குத் தெரியும். அழுதுவிட்டு என்ன செய்தாள் என்பதுதான் முக்கியம். அடுத்த ஞாயிறு என்னோடு தோட்டவெளிக்கு வந்தாள். பாயில் இருந்து, லூர்தம்மா அக்கா பொரித்த மீனைச் சாப்பிட்டாள். மணிக்கூட்டைத் தன் கையில் கட்டிக் காட்டி, மூச்சை அடக்கி எண் இறங்குவதைக் காட்டப் பார்த்தாள். அது இறங்கவில்லை, இளம் நெஞ்சு. அவள் முகம் சிவந்ததுதான் மிச்சம். சூசை அண்ணைக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அவரைத் தேற்ற நாங்கள் பட்ட பாடு. மணிக்கூட்டின் கீழே மெல்லிய துணி வைத்துத் தைத்துக் கட்டிவிட்டோம். குளிக்கும்போதும் வேர்க்கும்போதும் கழற்றுங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றோம். பெயரை வெட்டுகிற பட்டியல் ஒன்று எங்களிடம் இல்லவே இல்லை என்றும் சொன்னோம். லூர்தம்மா அக்கா தலையாட்டினார். நம்பவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தர்சினி போன் எடுக்கும் முறையை மாற்றினாள். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்பதில்லை. என்ன சமையல், மகள் வந்தாளா, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டாள். கோடு அறாத நாட்களிலும் எடுத்தாள். சூசை அண்ணையின் உண்மையான எண் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. அதுதான் அவருக்கு நல்ல நாள். மற்றவர்களுக்கு வைத்த அளவுகோலை அவருக்குப் போடாமல், அவருடைய நல்ல நாளிலிருந்து எவ்வளவு இறங்குகிறார் என்று பார்க்கப் பழகினாள். எப்போது கேட்டாலும் லூர்தம்மா அக்காவிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது: "நல்லா இருக்கிறார் பிள்ளை, ஒரு குறையுமில்லை." இருமல் சத்தம் போனில் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் அதே பதில். மாதங்கள் போயின. மாரி மழையும் வந்தது.

சூசை அண்ணை அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தார், மகளின் கலியாணத்தையும் பார்த்தார். அவருக்கு என்ன ஆனதோ என்று நீங்கள் தவிக்கக் கூடாது என்பதற்காக அதை முதலே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது மழை பெய்த ஒரு காலையைப் பற்றி.

நான் மருந்து அலுமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். தர்சினி டப்பைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தது தெரிந்தது. வழக்கம்போல, "அக்கா, என்ன மழையோ?" என்று தொடங்கினாள். பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள். போனை வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். டப் மேசையிலேயே கிடந்தது.

"மிஸி, லூர்தம்மா அக்கா சொல்லுறா, அவருக்கு ஏலாமல் இருக்காம். உடனே கெதியா வரட்டாம்."

எண் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. வாகனத்தை எடுக்கச் சொன்னேன்.